ஆடியில் லைசென்ஸ், தையில் முகூர்த்தம்: அமெரிக்காவில் கல்யாணத்தை எந்தக் கவுன்டியில் பதிவது?

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். தெரிந்த ஜோடி ஒன்று போன் செய்தது. மாப்பிள்ளை டெக்ஸஸில் ஃப்ரிஸ்கோ, எச்-1பி என்கிற வேலை விசா. பெண் நியூ ஜெர்சியில் ஜெர்சி சிட்டி, படிப்பு முடித்த மாணவர்களுக்குத் தரும் ஓபிடி அனுமதியில் வேலை. முகூர்த்தம் தையில், கோயம்புத்தூரில். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. இதற்கு நடுவில் மாப்பிள்ளையின் கிரீன் கார்டு வேலை சூடு பிடித்துவிட்டது. அந்த அட்டை கைக்கு வருமுன் கல்யாணம் சட்டப்படி முடிந்திருந்தால்தான் மனைவி அதே வரிசையில் கூடவே வரலாம். முடியாவிட்டால் அவருக்கென்று தனியாக ஒரு மனு, தனியாக ஒரு காத்திருப்பு. "முதலில் இங்கே ஒரு மேரேஜ் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள்" என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

எங்கே எடுப்பது என்பதில்தான் குழப்பம். ஒரு நண்பர் லாஸ் வேகாஸ் என்கிறார். இன்னொருவர், யூட்டாவில் வீடியோ காலிலேயே முடித்துவிடலாமே என்கிறார். இந்தியத் தூதரகத்தில் செய்தால் இரண்டு நாட்டுக்கும் ஆகும் என்று ஒரு சித்தப்பா. பெண்ணின் அம்மாவுக்கு இது எதுவும் கவலை இல்லை. "ஆடி மாசத்துல போய் கையெழுத்தா?" என்பதுதான் அவர் கேள்வி.

வேடிக்கையாகத் தோன்றினாலும், அம்மாவின் கேள்விதான் விஷயத்தின் நடுவில் இருக்கிறது.

## லைசென்ஸ் வேறு, கல்யாணம் வேறு

நம்மூரில் முதலில் தாலி, அப்புறம் ரிஜிஸ்டர் ஆபீஸ். இங்கே தலைகீழ். முதலில் ஆபீஸ், அப்புறம்தான் தாலி. கவுன்டியை நம் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். அங்குள்ள கிளார்க் தரும் லைசென்ஸ் "இவர்கள் மணந்துகொள்ளலாம்" என்கிற அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். அதை வாங்கிய அன்று யாருக்கும் கல்யாணம் ஆகிவிடுவதில்லை. அதிகாரம் உள்ள ஒருவர் முன் சடங்கோ உறுதிமொழியோ நடந்து, அவர் அந்தச் சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். சட்டம் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். அப்புறம் சீட்டு கவுன்டிக்கே திரும்பிப் போய்ப் பதிவாக வேண்டும். பதிவான பிறகு கவுன்டி முத்திரை குத்தித் தரும் சர்டிஃபைட் காப்பிதான் உங்கள் கல்யாணச் சான்று.

ஆகவே அம்மாவுக்குப் பதில்: லைசென்ஸை ஆடிக் கடைசியில் எடுங்கள், சடங்கை ஆவணியில் வையுங்கள். டெக்ஸஸ் லைசென்ஸுக்கு 90 நாள் ஆயுள் உண்டு. ஆவணி முழுக்க அதில் அடங்கிவிடும்.

மூன்று காகிதத்தையும் ஒன்றென்று நினைப்பதில் வரும் வினைக்கு என் கல்யாணமே சாட்சி. கோயிலில் சடங்கு முடிந்ததும் அர்ச்சகர் லைசென்ஸில் கையெழுத்துப் போட்டார். பஞ்சாங்கத்தின் நடுவில் வைத்துத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டார். "நானே அனுப்பிடறேன்" என்றார், நாங்களும் மறந்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து நகல் கேட்டு விண்ணப்பித்தால், அப்படி ஒரு பதிவே இல்லை என்கிறார் கவுன்டி குமாஸ்தா. அதே பஞ்சாங்கத்தில், அதே பக்கத்தில், ஓரத்தில் குங்குமக் கறையோடு சீட்டு அப்படியே இருந்தது. டெக்ஸஸில் சடங்கு முடிந்து 30 நாளுக்குள் அது திரும்பிப் போக வேண்டும். இருபத்தேழாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். கலிஃபோர்னியாவிலும் நெவாடாவிலும் கெடு 10 நாள்தான். சீட்டைத் திருப்பிச் சேர்ப்பது நடத்திவைத்தவரின் பொறுப்பு என்பது சட்டம். பின்னாலேயே அலைவது நம் பொறுப்பு.

## எதை வைத்து எடை போடுவது

கட்டணத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். எங்கே போனாலும் சில பத்து டாலர் முதல் நூறு சொச்சம் வரைதான். கல்யாணப் பட்டுக்கு முன் அது ஒரு காசா? நான் பார்ப்பது இவை:

1. நாள். லைசென்ஸ் வாங்கியபின் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எத்தனை நாளில் அது காலாவதியாகும்.
2. யார் படிக்கப் போகிறார்கள். குடியேற்ற அதிகாரி, இந்தியப் பாஸ்போர்ட் அலுவலகம், வங்கி, இன்சூரன்ஸ். ஒருவர் கண்ணில் பளிச்சென்று இருக்கும் காகிதம் இன்னொருவர் கண்ணில் சந்தேகமாகத் தெரியலாம்.
3. நகல். இன்னும் பத்து வருடம் கழித்தும் இதே கவுன்டியிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். அது எவ்வளவு தூரம்?
4. நடத்திவைப்பவர். உங்கள் அர்ச்சகரோ நண்பரோ அந்த மாநிலத்தில் செல்லுபடியாகும் ஆளா?
5. பெயர். நம்மவர்களுக்கு மட்டும் இது தனித் தலைவலி. கீழே விரிவாக.

மூன்றாவதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். கல்யாணம் ஒரு நாள். காகிதத்தைத் தேடுவது ஆயுசுக்கும்.

| எங்கே | காத்திருப்பு | லைசென்ஸ் ஆயுள் | கவனிக்க |
|---|---|---|---|
| டெக்ஸஸ் | 72 மணி நேரம் | 90 நாள் | எந்தக் கவுன்டியில் எடுத்தாலும் மாநிலம் முழுக்கச் செல்லும் |
| கலிஃபோர்னியா | இல்லை | 90 நாள் | இரண்டு வகை லைசென்ஸ் உண்டு |
| நியூயார்க் | 24 மணி நேரம் | 60 நாள் | கவுன்டி இல்லை, நகர கிளார்க் |
| நெவாடா | இல்லை | 1 வருடம் | நடத்திவைப்பவர் அங்கே அனுமதி பெற்றிருக்க வேண்டும் |
| யூட்டா | இல்லை | 32 நாள் | யூட்டா கவுன்டியில் ஆன்லைன் வசதி |
| இல்லினாய் | மறுநாள் முதல் செல்லும் | 60 நாள் | எடுத்த கவுன்டிக்குள்ளேயே கல்யாணம் நடக்க வேண்டும் |
| மிச்சிகன் | 3 நாள் | 33 நாள் | உள்ளூர்வாசிகள் தங்கள் கவுன்டியில்தான் எடுக்க வேண்டும் |

கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் அந்த அலுவலகத்தின் தளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

## ஒன்று: குடியிருக்கும் இடத்திலேயே எடுப்பது

ஃப்ரிஸ்கோ ஊர் காலின், டென்டன் என இரண்டு கவுன்டிகளில் பரந்து கிடக்கிறது. "நாங்கள் எந்தக் கவுன்டி?" என்று வரி ரசீதைப் புரட்டத் தேவையில்லை. டெக்ஸஸில் எந்தக் கவுன்டி கிளார்க்கிடம் வேண்டுமானாலும் போகலாம். இருவரும் நேரில் போக வேண்டும், பாஸ்போர்ட் போதும். சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் கேட்பார்கள், இல்லாவிட்டால் அதற்காகத் திருப்பி அனுப்புவதில்லை. முன்பே மணமாகி விவாகரத்து ஆனவராக இருந்தால், தீர்ப்பு வந்து 30 நாள் கழிந்திருக்க வேண்டும்.

72 மணி நேரக் காத்திருப்பைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. 'டூகெதர் இன் டெக்ஸஸ்' என்று எட்டு மணி நேர வகுப்பு. முடித்தால் காத்திருப்பும் இல்லை, கட்டணத்தில் 60 டாலரும் குறையும். பண விஷயத்தில் எப்படிப் பேசிக்கொள்வது என்றெல்லாம் சொல்லித் தருவார்கள். நிச்சயதார்த்தம் முடிந்து இருவரும் முதல்முறையாகச் சேமிப்புக் கணக்கைப் பற்றிப் பேசியதே அங்கேதான் என்று சொன்னவர்கள் உண்டு.

நியூ ஜெர்சியில் கவுன்டிக்கே வேலை இல்லை. இருவரில் ஒருவர் குடியிருக்கும் நகராட்சியின் பதிவாளரிடம்தான் போக வேண்டும். விண்ணப்பிக்கும்போதே பதினெட்டு வயது நிறைந்த சாட்சி ஒருவர் கூட வர வேண்டும். கட்டணம் 28 டாலர், அப்புறம் 72 மணி நேரம். எடிசனில் இருப்பவர் மிடில்செக்ஸ் கவுன்டி அலுவலகத்தைத் தேடிப்போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் பக்கமும் ஊர் கிளார்க்தான். சில மாநிலங்களில் இதே வேலையை நீதிமன்றம் செய்கிறது. ஜார்ஜியாவிலும் ஒஹையோவிலும் புரொபேட் கோர்ட். "கவுன்டி கிளார்க்" என்று தேடிக் கிடைக்காவிட்டால் குழம்ப வேண்டாம், பலகையில் வேறு பெயர் இருக்கும்.

கலிஃபோர்னியாவில் கவுன்ட்டரில் ஒரு கேள்வி வரும்: பப்ளிக்கா, கான்ஃபிடென்ஷியலா? இரண்டாவதற்கு சாட்சி வேண்டாம், ஏற்கெனவே ஒன்றாக வசிப்பவர்களாக இருந்தால் போதும். சாட்சிக்கு ஆள் கூப்பிட வேண்டாமே என்று பலர் சட்டென்று அதை டிக் செய்துவிடுகிறார்கள். அந்தப் பதிவு கவுன்டி கிளார்க்கிடம் பூட்டிக் கிடக்கும். தம்பதியைத் தவிர யாருக்கும் நீதிமன்ற உத்தரவில்லாமல் நகல் கிடைக்காது. இருவரும் ஊர் திரும்பிய பிறகு "சான் ஹோசேயில் இருக்கிற தம்பி போய் வாங்கி அனுப்பட்டும்" என்று சொல்ல வழி இல்லை. அந்தரங்கம் உங்களுக்கு உண்மையிலேயே முக்கியமென்றால் அது நல்ல தேர்வு. சோம்பலில் எடுக்கும் தேர்வாக இருக்கக் கூடாது.

யாருக்குப் பொருந்தும்: கல்யாணத்துக்குப் பிறகும் அதே மாநிலத்தில் சில வருடமாவது இருக்கப் போகிறவர்களுக்கு.

## இரண்டு: லாஸ் வேகாஸ்

லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுன்டியின் லைசென்ஸ் அலுவலகம் காலை 8 மணிக்குத் திறந்தால் நடுராத்திரி வரை, ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் இயங்குகிறது. விவரங்களை ஆன்லைனில் முன்கூட்டியே நிரப்பிவிட்டால் கவுன்ட்டரில் வேலை சில நிமிடம். கட்டணம் 102 டாலர். காத்திருப்பு கிடையாது. ஒருவர் கிழக்குக் கரையிலும் மற்றவர் மேற்குக் கரையிலுமாக வேலை பார்த்து, இரண்டு பேருக்கும் ஒரே ஒரு வாரக்கடைசிதான் விடுமுறை என்றால் இதைவிட வேகமான வழி இல்லை. ஊர் பெயரைக் கேட்டு முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு: அந்தச் சான்றிதழ் மற்ற எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததல்ல.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில். சேப்பல் என்கிற சிறு கல்யாணக் கூடத்தில் சடங்கு முடிந்ததும் தங்க எழுத்தில் அழகான சான்றிதழ் ஒன்று கையில் கொடுப்பார்கள். அது சுவரில் மாட்ட மட்டும். அதை விசா விண்ணப்பத்தில் இணைத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. பதிவாகி முடிந்தபின் கவுன்டியிடம் 20 டாலர் கட்டி வாங்குவதுதான் உண்மையான நகல். உங்கள் நண்பரையே நடத்திவைக்கச் சொல்ல நினைத்தால், அவர் அந்தக் கவுன்டியில் முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நடத்திவைப்பவர் தவிர ஒரு சாட்சியும் தேவை.

பிறகு அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டுச் சான்றை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ள அரசு குத்தும் முத்திரை. இந்தியாவில் காட்ட வேண்டிய சான்றுக்கு அந்த முத்திரை வேண்டும். இந்தியாவும் அமெரிக்காவும் அதற்கான சர்வதேச உடன்படிக்கையில் இருப்பதால் அது ஒன்றே போதும். ஆனால் நகல் எந்த மாநிலத்ததோ அந்த மாநிலம்தான் அதைக் குத்தும். நெவாடா நகலுக்கு டெக்ஸஸ் அரசு குத்தாது. ஃப்ரிஸ்கோவில் உட்கார்ந்துகொண்டு முதலில் லாஸ் வேகாஸுக்கு ஒரு தபால், பிறகு நெவாடா மாநில அலுவலகத்துக்கு ஒரு தபால். ஒவ்வொரு முறையும்.

யாருக்குப் பொருந்தும்: நேரமே இல்லாதவர்களுக்கு. அன்றே நாலைந்து நகலுக்கு விண்ணப்பித்து வைப்பவர்களுக்கு.

## மூன்று: யூட்டா கவுன்டி, வீடியோவில்

ப்ரோவோவைத் தலைநகராகக் கொண்ட யூட்டா கவுன்டி 2020 முதல் லைசென்ஸையும் சடங்கையும் ஆன்லைனிலேயே நடத்துகிறது. யூட்டாவில் காலடி வைத்திருக்கக்கூட வேண்டியதில்லை. உலகம் முழுவதிலிருந்தும் ஜோடிகள் இதைப் பயன்படுத்துகிறார்கள். இஸ்ரேலில் சிவில் திருமணம் இல்லாததால் அங்கிருந்து நிறையப் பேர்.

நம் ஜோடிக்கு இதில் ஆசை வந்த காரணம் புரிகிறது. அவர் ஃப்ரிஸ்கோவில் லேப்டாப் முன், அவள் ஜெர்சி சிட்டியில் லேப்டாப் முன். விமான டிக்கெட் மிச்சம். ஆனால் குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. சடங்கு நேரத்தில் இருவரும் ஒரே இடத்தில் இல்லாவிட்டால், அதன் பிறகு அவர்கள் சேர்ந்து தாம்பத்தியம் தொடங்கியிருந்தால் ஒழிய, அந்த உறவைக் கணவன் மனைவி என்று ஏற்பதில்லை. சடங்குக்கு முன்பு எத்தனை வருடம் பழகியிருந்தாலும் கணக்கில்லை, பிறகு சந்தித்திருக்க வேண்டும். யூட்டா சட்டப்படி கல்யாணம் செல்லும், கிரீன் கார்டு அதிகாரியிடம் செல்ல இன்னும் ஒரு படி பாக்கி. விமான டிக்கெட்டும் ஹோட்டல் ரசீதும் கோப்பில் சேர்க்க வேண்டிய ஆதாரங்கள் ஆகிவிடும். இப்படி ஒரு விஷயத்துக்கு ரசீது காட்டுவதை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஒரே கேமரா முன் செய்தால் இந்தச் சிக்கல் எழாது. அப்போது யூட்டா உண்மையிலேயே வசதி. ஆனால் ஒரே சோபாவில் உட்கார முடிந்தவர்கள் பக்கத்துக் கவுன்டி அலுவலகத்துக்கே போய்விடலாமே! அப்பாயின்ட்மென்ட் மாதக்கணக்கில் தள்ளிக் கிடைக்கும் ஊர் என்றால் சரி. அப்போஸ்டில் யூட்டாவில் துணை ஆளுநர் அலுவலகத்திடமிருந்து வரும்.

## நான்கு: அவசரம் இல்லையென்றால் கோயம்புத்தூரே போதும்

சிலருக்கு இதைச் சொன்னால் நம்பிக்கை வருவதில்லை. தமிழ்நாட்டில் முறைப்படி நடந்து பதிவான கல்யாணத்தை அமெரிக்காவில் மறுபடி பதிய வேண்டியதில்லை. நடந்த இடத்தின் சட்டப்படி செல்லுமென்றால் இங்கேயும் செல்லும், அதுதான் பொது விதி. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி கல்யாணம் நடந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. ஆனால் மூன்று வார லீவில் வருகிறவருக்கு 90 நாள் கதையெல்லாம் கிடையாது. முகூர்த்தம் வெள்ளிக்கிழமை என்றால் திங்கட்கிழமையே சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்க வேண்டும். பத்திரிகை, போட்டோ, அடையாளச் சான்றுகள், சாட்சிகள் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். சான்றிதழில் தமிழ் இருந்தால் இங்கே கொடுக்கும்போது ஆங்கில மொழிபெயர்ப்பும் அதற்கு மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியும் சேர்க்க வேண்டும்.

இதில் பெரிய ஆபத்து, இரண்டு இடத்திலும் பதிவது. ஆகஸ்டில் டெக்ஸஸ், ஜனவரியில் கோயம்புத்தூர் என்று இரண்டு சான்றிதழ் இருந்தால் உங்களுக்கு இரண்டு கல்யாணத் தேதி. ஒரு படிவத்தில் ஒன்று, இன்னொரு படிவத்தில் மற்றொன்று என்று எழுதிவிட்டு நேர்காணலில் விழிப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே சட்டப்படி மணந்துவிட்டால் ஊரில் நடப்பது சடங்கு, கொண்டாட்டம், சாப்பாடு. பத்திரிகையில் தை மாதத் தேதி இருப்பதில் தவறில்லை. அரசாங்கப் படிவத்தில் மட்டும் எப்போதும் முதல் தேதி. ஊரில் சான்று கேட்டால் அப்போஸ்டில் குத்திய டெக்ஸஸ் நகலை நீட்டுங்கள்.

## சித்தப்பா சொன்ன தூதரகம்

சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம். வெளிநாட்டுத் திருமணச் சட்டம், 1969 இதற்கு வழி வைத்திருக்கிறது. ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், அந்தத் தூதரகத்தின் எல்லைக்குள் 30 நாள் வசித்திருக்க வேண்டும், அறிவிப்பு ஒட்டி ஆட்சேபத்துக்கு 30 நாள் விட வேண்டும். அவசரத்துக்கு உதவாது. மேலும் அமெரிக்க மண்ணில் நடக்கும் கல்யாணத்தை இங்குள்ள அலுவலகங்கள் மாநிலச் சட்டத்தை வைத்துத்தான் பார்க்கும். மாநில லைசென்ஸ் இல்லாமல் தூதரகக் காகிதத்தை மட்டும் நம்பி கிரீன் கார்டு மனு போடுவது வீண் வம்பு.

## பெயர்ப் பெட்டியில் மாட்டிக்கொள்ளும் நாம்

லைசென்ஸ் படிவத்தில் முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பாவின் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பாவின் பெயர் சர்நேம் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. முருகேசன் மகன் கார்த்திக் இங்கே "மிஸ்டர் முருகேசன்". இன்னும் சிலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் சர்நேம் கட்டத்துக்கு நகர்ந்து, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. சுமதியின் சான்றிதழில் மணமகள் பெயர் 'எஃப்.என்.யூ. சுமதி' என்று நிரந்தரமாகப் பதிந்துவிடும். லைசென்ஸ் எடுக்குமுன் பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ள அவகாசம் இருந்தால் திருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். கிளார்க்கிடம் நின்று நம் பெயர் வழக்கத்தை விளக்கப் புகுந்தால் பின்னால் நிற்கும் வரிசை நம்மைச் சபிக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்ற நினைக்கும் பெண்களுக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு வினோதம். அங்கே புதுப் பெயரை லைசென்ஸிலேயே எழுதலாம், ஆனால் கடைசிப் பெயராக எடுக்கக்கூடியது துணைவரின் கடைசிப் பெயர், இருவரில் ஒருவரின் பிறவிக் கடைசிப் பெயர், அல்லது இவற்றின் சேர்க்கை. நம் வழக்கப்படி கணவரின் பெயரான கார்த்திக்கை எடுக்க முடியாது. கிடைப்பது முருகேசன், அதாவது மாமனார். விளக்கு வைக்கும் நேரத்தில் மாமனார் பெயரைச் சொல்லக்கூடக் கூசிய பாட்டிகளின் பேத்திகள், கிரெடிட் கார்டில் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். விருப்பமில்லை என்றால் அந்தக் கட்டத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். பதிவான பிறகு மனம் மாறினால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

## பழைய பதிவைத் தேடுகிறவர்களுக்கு: யாரிடம் கேட்பது?

காகிதம் தொலைந்தவர்கள் நாலு கதவைத் தட்டலாம். நான்கும் ஒன்றல்ல.

கவுன்டி அலுவலகம். முதலில் இங்கேதான். லைசென்ஸ் கொடுத்த கவுன்டி, அதாவது நீங்கள் குடியிருந்த கவுன்டியோ மண்டபம் இருந்த கவுன்டியோ அல்ல. பலர் தடுமாறுவது இங்கே. டாலஸ் கோயிலில் கல்யாணம், லைசென்ஸ் எடுத்தது காலின் கவுன்டியில் என்றால் பதிவு காலினில்தான். நிறையக் கவுன்டிகளின் பெயர்ப் பட்டியலை ஆன்லைனில் இலவசமாகத் தேடலாம். கிடைக்காவிட்டால் அப்பா பெயரில் தேடுங்கள், இனிஷியலை விட்டுத் தேடுங்கள், 'எஃப்.என்.யூ.' போட்டுத் தேடுங்கள், 'லட்சுமி'யை நாலு விதமாக எழுதிப் பாருங்கள். இந்தப் பட்டியல் எல்லோருக்கும் திறந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ஊரில் வரவேற்பு மேடையில் நின்ற ஒரு தம்பதியிடம், "வேகாஸ்ல எட்டு மாசம் முன்னாடியே முடிஞ்சிருச்சு போல" என்று கேட்ட மாமாவை எனக்குத் தெரியும். அவர் செய்தது கிளார்க் கவுன்டி தளத்தில் ஒரு தேடல் மட்டும்தான்.

மாநில அலுவலகம். கவுன்டி எதுவென்றே தெரியாதபோது இது உதவும். ஆனால் எல்லா மாநிலமும் நகல் தருவதில்லை. டெக்ஸஸ் மாநில அலுவலகம் 1966 முதலான கல்யாணங்களுக்கு "ஆம், பதிவு உண்டு" என்ற உறுதிக் கடிதம்தான் தரும். சர்டிஃபைட் காப்பிக்குக் கவுன்டிக்கே போக வேண்டும். நெவாடாவும் அப்படித்தான். இது தெரியாமல் மாநிலத்துக்குப் பணம் கட்டிக் காத்திருந்து, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பது வழக்கமான காட்சி. நியூயார்க் நகரத்தில் இன்னொரு நுணுக்கம்: சாதாரண நகல் 15 டாலர், வெளிநாட்டுக்கு என்று கேட்டால் விரிவான நகல் 35 டாலர். இந்தியாவுக்கு இரண்டாவதுதான் வேண்டும். அதையும் முதலில் நியூயார்க் கவுன்டி கிளார்க்கிடம் உறுதி செய்து, பிறகுதான் மாநில அப்போஸ்டில்.

இடைத்தரகுத் தளங்கள். வைட்டல்செக் போன்றவை பல அரசு அலுவலகங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. சேவைக் கட்டணம் கூடுதல், கார்டில் கட்டிக் கூரியரில் வாங்கலாம். சென்னையில் இருந்துகொண்டு கேட்பவர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் நியாயம்தான். ஆனால் தேடலில் முதலில் வந்து நிற்கும் எல்லாத் தளமும் அப்படியல்ல. அரசு முத்திரை மாதிரி ஒரு கழுகுப் படத்தைப் போட்டுக்கொண்டு, மாதச் சந்தா வாங்கி, கடைசியில் இலவசப் பட்டியலையே எடுத்துக் காட்டும் தளங்கள் உண்டு. அரசுத் தளத்தின் பக்கத்திலிருந்து இணைப்பைப் பிடித்துப் போவதே பத்திரம்.

வம்சாவளித் தளங்கள். ஃபேமிலிசர்ச் இலவசம், ஆன்செஸ்ட்ரிக்குச் சந்தா. விசாவுக்கு இவை ஆகாது, வரலாற்றுக்கு ஆகும். நூறு வருடம் முன்பு கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்த்த பஞ்சாபிகள் பலர் மெக்சிகோ வழிப் பெண்களை மணந்தார்கள். வேறுபட்ட இனத்தவர் மணப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே 1948 வரை இருந்தது. ஆணும் பெண்ணும் ஒரே நிறமாகத் தெரிந்தால் கிளார்க் எழுதிக் கொடுப்பார், தெரியாவிட்டால் மாட்டார். மறுக்கப்பட்டவர்கள் வேறு கவுன்டிக்கு, வேறு மாநிலத்துக்குப் போனார்கள். கவுன்டி தேடி அலைவது நம்மோடு தொடங்கிய கதையல்ல.

## அந்த ஜோடி என்ன செய்தார்கள்

கல்யாணத்துக்குப் பிறகு பெண் ஃப்ரிஸ்கோவுக்கே வரப்போகிறாள் என்பதால் டெக்ஸஸ் என்று முடிவானது. நகல் கேட்டுப் போக காலின் கவுன்டி அலுவலகம் இருக்கும் மெக்கின்னி அரை மணி நேரம், அப்போஸ்டிலுக்கு மாநிலத் தலைநகர் ஆஸ்டின், ஒன்றுக்கு 15 டாலர். ஆடி கடைசி வெள்ளியன்று லைசென்ஸ், ஆவணி முதல் வாரத்தில் வளர்பிறை பார்த்து ஒரு நீதிபதி முன் உறுதிமொழி. அம்மா வீடியோ காலில் அட்சதை போட்டார், திரையின் மீது.

நாலு நகல் வாங்குங்கள் என்று சொல்லியிருந்தேன். இரண்டு போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். ஒன்று அப்போஸ்டிலுக்கு ஆஸ்டின் போய்விட்டது. இன்னொன்றை வக்கீல் கோப்பில் வைத்துக்கொண்டார். பெண்ணை இன்சூரன்ஸில் சேர்க்க மாப்பிள்ளையின் ஆபீஸில் சான்று கேட்டபோது, நேற்று மறுபடியும் மெக்கின்னிக்குக் கிளம்பினார்கள்.